கழற்றிய ராடைக் கொஞ்சம் பாருங்கள்

எண்ணெய்க் கிணறுகளின் பராமரிப்பைத் திட்டமிடும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். குஜராத்தில் மெஹ்சானா பக்கம், எண்ணெய்க் கிணறுகளைப் பழுது பார்க்கும் ஒர்க்ஓவர் ரிக்கில் வேலை பார்ப்பவன் எழுதுகிறேன். கிணற்றின் அடியில் உள்ள பம்பை, ஒன்றோடொன்று இணைத்த இரும்புக் கம்பிகளால் (ராடு) மேலிருந்து இயக்குவது சக்கர் ராட் பம்ப். நிமிடத்துக்கு 6 முறை ஏறி இறங்கினால், வருஷத்துக்கு 31 லட்சம் முறைக்கு மேல் அது ராடை டியூபிங்குக்குள், அதாவது எண்ணெய் மேலே வரும் குழாய்க்குள், இழுக்கிறது. தேயத்தான் செய்யும். ஆனால் எங்கே தேய்ந்தது, ஏன் தேய்ந்தது என்று பார்க்காமலே புது ராடு இறக்கச் சொல்கிறீர்களே, அதுதான் என் குறை.

இரண்டு ராடுகளை இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றியதும் கையில் உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தட்டையாகியிருந்தால், டியூபிங்கில் சாய்ந்து உரசியிருக்கிறது. நடுவில் குறிப்பிட்ட ஆழத்தில் மட்டும் அப்படி என்றால் கிணறு அங்கே வளைந்திருக்கலாம். அந்த இடத்து ராடுகளுக்கு, டியூபிங்கில் உரசாமல் தாங்கும் கைடு போடலாம். பம்புக்கு நேர் மேலே உள்ள ராடுகளில் என்றால் கதையே வேறு. பெரும்பாலும் கிணறு தருவதைவிட வேகமாகப் பம்ப் இழுத்திருக்கும். பம்பின் உருளையான பேரல் பாதிதான் நிறையும், அதற்குள் இறங்கும் பிளஞ்சர் (பிஸ்டன் போன்றது) திரவத்தின் மேல் மோதும், அடி ராடுகள் நெளிந்து டியூபிங்கைத் தேய்க்கும். ராடில் விழும் சுமையை வரைந்து காட்டும் டைனமோமீட்டர் கார்டிலேயே இது தெரியும். வேகத்தைக் குறையுங்கள், இல்லை டைமர் வைத்து விட்டுவிட்டு ஓட்டுங்கள். உற்பத்தி போய்விடும் என்பீர்கள். கிணற்றுக்குள் வந்து சேராத எண்ணெயை எந்த வேகத்தில் இழுத்து என்ன?

கடினப் பூச்சு கப்ளிங் மட்டும் போட்டாலும் தீராது. கப்ளிங் தப்பிக்கும், டியூபிங் ஓட்டையாகும். பாலோல், சந்தால் வயல்களில் கனமான எண்ணெயை இளக்க நிலத்தடியிலேயே காற்றைச் செலுத்தி எரிக்கிறார்கள். அதில் வரும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். உரசல் மேல்படலத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தால் அரிப்புக்கு இன்னும் வசதி.

எங்கள் பக்கத் தப்பும் உண்டு. இறுகிய கப்ளிங்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்றி, அதையே திரும்ப மாட்டுவது பல இடங்களில் நடக்கிறது. அந்த அடித்தழும்பில்தான் பின்னால் விரிசல் தொடங்கும். ஆனால் நீங்கள், ரிக் எப்போது அடுத்த கிணற்றுக்கு நகரும் என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் சுத்தியல்தானே கைக்கு வரும்?

சரி, கேட்பது இதுதான். ராடு எண்ணும் சீட்டில் சில கட்டங்கள் சேருங்கள்: எத்தனையாவது ராடு, எந்த வகைத் தேய்மானம், துருக்குழி உண்டா, மணல் உண்டா. அதை நிரப்ப ரிக்குக்கு நேரம் ஒதுக்குங்கள். அதே கிணற்றுக்கு அடுத்த முறை வரும்போது, பழைய சீட்டும் வேலைத் திட்டத்தோடு எங்கள் கைக்கு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு ரிக் தொழிலாளி