குரங்கு யோசித்தால் அது சிறுவர் கதைதானா? சேலம் மாவட்ட இலக்கியப் பரிசுகளின் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர் பெருமக்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதிப் பிழைக்கும் நான், மாலை நேரங்களில் அறிவியல் புனைகதைகளும் எழுதிவருகிறேன். நம் மாவட்டத்தில் நூல்களுக்குப் பரிசு வழங்கும் அமைப்புகளுள் ஒன்றுக்கு நாவல் பிரிவில் நான் அனுப்பிவைத்த நூல், என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கப்படாமல் சிறுவர் இலக்கியப் பிரிவுக்கு மாற்றப்பட்டு, அங்கே ஊக்கப் பரிசும் பெற்றுவிட்டது. காரணம் கேட்டு எழுதியபோது, கதைமாந்தர்கள் குரங்குகளாக இருப்பதாலும், குரங்குகள் பேசுவது நடவாத காரியம் என்பதாலும் இம்முடிவு எடுக்கப்பட்டதாக இரண்டு வரியில் பதில் வந்தது. அமைப்பின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பரிசு வழங்கும் எல்லோரும் யோசிக்க வேண்டிய செய்தி இது என்று கருதுவதால்தான் மடலைப் பொதுவில் வைக்கிறேன்.

நாவலை வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இன்றிலிருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து அப்பாதையில் வண்டி எதுவும் ஓடுவதில்லை. பயணிகள் வீசிய பொரியையும் வாழைப்பழத்தையும் நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவிட்ட நாட்டுக்குரங்குகள், வளைவுக்கு ஒரு கூட்டமாகப் பாதையைப் பங்கிட்டுக்கொண்டு, மனிதரிடம் கை நீட்டிக் கேட்பதற்கென்று பழகிய சைகைகளைத் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியாக வளர்த்திருக்கின்றன. பதினோராவது வளைவில் ஒரு தாய், இறந்த குட்டியைப் பல நாள் சுமந்து திரிகிறாள். இறப்பைக் குறிக்க அவளுடைய மொழியில் சைகை இல்லை. ஆகவே, கேட்டும் கிடைக்கவில்லை என்று பொருள்படும் பழைய சைகையை, வண்டி எதுவும் நிற்காத அந்தப் பாதையில், அவள் தன் குட்டியைப் பார்த்துச் செய்கிறாள்.

பரிசு அறிவிக்கப்பட்ட பின்னர், சிறுவர்களுக்கான நூல் என்ற வில்லை ஒட்டப்பட்டு அந்நூல் விற்பனைக்கு வந்தது. அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்து, ஒன்பது வயது மகள் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு இரண்டு இரவுகள் தூங்கவில்லை என்றும், குழந்தைகளுக்கு இப்படியா எழுதுவது என்றும் கேட்டார். அவருடைய கோபம் நியாயமானது. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கேட்டிருக்க வேண்டியவன் நான்தானா என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சிறுவர் இலக்கியத்தைத் தாழ்வாகக் கருதி இதை எழுதுவதாக எவரும் எண்ண வேண்டா. எனக்குக் கைவராத கலை அது. தோட்டத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து இரண்டு முறை கதை சொல்லிப் பார்த்திருக்கிறேன்; இரண்டு முறையும் பாதியிலேயே எழுந்து விளையாடப் போய்விட்டார்கள்.

இனி, நடவாத காரியம் என்ற தீர்ப்புக்கு வருகிறேன். என் குரங்குகள் வாய் திறந்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. நூலின் முதல் இருபது பக்கங்களை வாசித்திருந்தாலே இது தெரிந்திருக்கும். கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டில் நாட்டுக்குரங்குகள் மனிதரிடம் உணவு கேட்பதற்காகக் கூவியும் கையை நீட்டியும் காட்டுவதை ஆராய்ந்து, அவை வேண்டுமென்றே செய்யப்படும் சைகைகள் என்று 2018ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. என் நாவல் முளைத்த இடம் அதுதான். பேச்சைப் பற்றியே கேட்டாலும், குரங்கின் தொண்டையும் வாயும் பேச்சொலிகளை எழுப்பத் தகுதியற்றவை என்று நெடுங்காலம் நம்பப்பட்டுவந்த நிலையில், நாட்டுக்குரங்கின் பேரினத்தையே சேர்ந்த நீள்வால் குரங்கை எக்ஸ்ரே படம் பிடித்து ஆராய்ந்தவர்கள், உறுப்பில் குறையில்லை, அவ்வுறுப்பை ஆளும் மூளையில்தான் வேறுபாடு இருக்கிறது என்று 2016இல் காட்டினார்கள். அப்படியானால் எழும் கேள்வி, அந்த வேறுபாடு எதனால் குறையக்கூடும் என்பது. அறிவியல் புனைகதை எழுதுகிறவன் வேலையைத் தொடங்குவதே அந்தக் கேள்வியில்தான்.

இவ்வகை நாவலை எப்படி மதிப்பிடுவது என்று நீங்கள் கேட்கலாம். ஆங்கிலத்தில் எழுதும் ஏட்ரியன் சைக்கோவ்ஸ்கி விலங்கியலும் உளவியலும் படித்தவர். அவருடைய 'சில்ட்ரன் ஆஃப் டைம்' என்ற நாவலில் பல தலைமுறைகளாக அறிவு பெற்று வளர்வன சிலந்திகள். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த போர்ஷியா என்னும் குதிக்கும் சிலந்தி, இரையாகும் சிலந்தியின் வலையைச் சுண்டி அதை ஏமாற்றக்கூடியது. இரை கண்ணிலிருந்து மறைந்துவிடும் சுற்றுவழியில்கூடத் திட்டமிட்டுச் சென்று அதைப் பிடிக்கக்கூடியது. ஆகவே அவருடைய சிலந்திகள் மனிதரைப் போலப் பேசாமல் இழையின் அதிர்வால் பேசுகின்றன. பெண் சிலந்தி ஆணைத் தின்றுவிடும் உலகமாதலால், தின்னப்படாமல் இருக்கும் உரிமைக்காக அங்கே ஆண்கள் போராட வேண்டியிருக்கிறது. உடம்பு எப்படியோ அப்படியே ஊரும் சட்டமும் அமைகின்றன. அந்நாவலுக்கு 2016இல் அறிவியல் புனைகதைக்கான ஆர்தர் சி. கிளார்க் விருது வழங்கப்பட்டபோது, அதைச் சிறுவர் நூலாக எண்ணி எவரும் வழங்கவில்லை. என் நூல் அதற்கு ஈடென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அதே வகையைச் சேர்ந்தவை: உணவைக் கன்னப்பையில் அடக்கிவைக்கும் உயிரின் மொழியில் பகிர்தல் என்ற சொல்லுக்கு என்ன பொருள், பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்க ஆண்கள் பிரிந்து செல்லும் சமூகத்தில் வரலாற்றை நினைவில் வைத்திருப்பவர் யார், இவற்றுக்கு நான் சொல்லியிருக்கும் விடை பொருந்துகிறதா? பொருந்தவில்லை என்று நீங்கள் தள்ளியிருந்தால் தலைவணங்கி ஏற்றிருப்பேன்.

வெளிநாட்டாரைக் காட்டி மிரட்டுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், ஏனெனில் இந்தப் பொருளில் நாம் யாருக்கும் பிந்தியவர்கள் அல்லர். மக்களை ஆறறிவுயிர் என்று வகுத்த தொல்காப்பியத்தின் மரபியல் என்னும் இயல் அந்த வாசலை அடைத்துவிடவில்லை. 'ஒருசார் விலங்கும் உளவென மொழிப' என்று விலங்குகளில் சிலவற்றுக்கும் அவ்வறிவு உண்டென்கிறது. கிளி, குரங்கு, யானை முதலியவற்றை உரை எடுத்துக்காட்டுகிறது. கண்ணாடியில் தெரிவது தன் உருவமே என்று ஓர் ஆசிய யானை உணர்ந்துகொண்டதாக நியூயார்க்கில் நடந்த சோதனை 2006இல் வெளியானது. நிறத்தையும் வடிவத்தையும் எண்ணிக்கையையும் பெயரிட்டுச் சொல்லக் கற்றுக்கொண்ட அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல்கிளி, ஏறத்தாழ முப்பது ஆண்டுக்கால ஆய்வுக்குப் பின் 2007இல் இறந்தது. ஆய்வுக்கூடங்கள் நம் காலத்தில் தேடித் தேர்ந்தெடுத்த உயிர்களும் உரைகாரர் சுட்டிய உயிர்களும் இவ்வளவு ஒத்துப்போவது எனக்கு இன்றுவரை வியப்பாகவே இருக்கிறது.

பதினோராவது வளைவுத் தாயையும் நான் வெறுமனே கற்பனை செய்துவிடவில்லை. இறந்த குட்டியைத் தாய் விடாமல் சுமப்பது குரங்கினங்கள் பலவற்றில் பதிவாகியிருக்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்பே, குறுந்தொகையின் 69ஆம் பாட்டில், துணையை இழந்த மந்தி, இன்னும் மரமேறக் கல்லாத குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர் விடுகிறது. அப்பாட்டைக் கல்லூரியில் பாடமாக நடத்துகிறோம். அதே மந்தி உரைநடையில் வந்தால் மட்டும் வண்ணப் படம் போட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது எந்த இலக்கணத்தில் இருக்கிறது?

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நூல் எந்த வயதினருக்காக எழுதப்பட்டது என்பதைக் கொண்டு பிரிவை முடிவு செய்யுங்கள். கதைமாந்தருக்கு வால் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிரிவை மாற்றத்தான் வேண்டும் என்று தோன்றினால் எழுதியவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அறிவியல் புனைகதை போட்டிக்கு வரும் ஆண்டுகளில், நடுவர் குழுவில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை.

ஊக்கப் பரிசுச் சான்றிதழையும் அதனுடன் தந்த காசோலையையும் அமைப்பின் முகவரிக்கு அஞ்சலில் திருப்பி அனுப்பிவிட்டேன். மேடையில் போர்த்திய கம்பளிச் சால்வையை மட்டும் அனுப்பவில்லை. மார்கழி நெருங்குகிறது, இங்கே குளிர் அதிகம்.

இப்படிக்கு,
நாவல் பிரிவுக்கு விண்ணப்பித்த ஏற்காட்டுக்காரன்