ஜெனிவாவுக்கு முன் பென்னாகரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கல்வி இணைப்பில், ஏழை மக்களின் முன்னேற்றத்துக்காக உலக அளவில் பணிசெய்யும் சர்வதேச வளர்ச்சித் துறையில் சேர விரும்பும் இளைஞர்களுக்கான வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். முதலில் வெளிநாட்டில் முதுகலை, பிறகு ஜெனிவாவிலோ நியூயார்க்கிலோ உள்ள ஐ.நா. அலுவலகத்தில் பயிற்சி, களப்பணி கடைசியில், அதுவும் முடிந்தால் என்கிறது கட்டுரை. தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களோடு 26 ஆண்டுகள் களப்பணி செய்தவள் நான். அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

சர்வதேச வளர்ச்சி என்றதும் விமானம் ஏற வேண்டும் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1989இல் ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழக அரசு தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் முதலில் காலடி வைத்தது எங்கள் தருமபுரியில்தான். பின்னாளில் மாநிலம் முழுக்கப் பரவிய மகளிர் திட்டத்துக்கு அதுவே விதை.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்கெடுப்பு நடந்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஓர் இளம்பெண் வினாத்தாள் தயாரித்திருந்தார். நல்ல உழைப்பாளி. "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டதற்குப் பெரும்பாலான பெண்கள், "எங்களுக்கு ஏதம்மா வருமானம்?" என்றார்கள். தாளில் பூஜ்யம் ஏறியது. களையெடுத்த கூலி, பால் ஊற்றிய பணம், புளிக்குக் கொட்டை எடுத்த காசு எதுவும் மாதக் கணக்கில் வருவதில்லை; அதை அவர்கள் வருமானம் என்று சொல்வதும் இல்லை. ஏழாம் வகுப்போடு நின்றுவிட்ட எங்கள் குழு ஊக்குநர்தான், "போன சந்தையில் என்ன வாங்கினார்கள், அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள் அம்மா" என்று வழி சொன்னார். நிரப்பிய தாள்கள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு அந்தப் பெண் மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினார். இன்றும் அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. பழைய தாள்களை வைத்துத் திட்டம் தீட்டியிருந்தால், விடிந்தது முதல் உழைக்கிற பெண்களை வேலையற்றவர்கள் என்று எண்ணி ஆளுக்கொரு தையல் இயந்திரம் கொடுத்திருப்பார்கள்.

செலவைப் பற்றியும் கட்டுரை வாய் திறக்கவில்லை. ஐ.நா. தலைமைச் செயலகத்தில் பயிற்சி பெறுவோருக்கு ஊதியம் கிடையாது. கல்விக் கடன் வாங்கிய வீட்டுப் பிள்ளை ஜெனிவாவில் வாடகைக்கு என்ன செய்யும்? 2025 ஜூலையில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டு மூடப்பட்டது, அதன் நிதியை நம்பியிருந்தவர்கள் பல நாடுகளில் வேலை இழந்தார்கள். இதைச் சொல்லாமல் பிள்ளைகளைக் கடன் வாங்கச் சொல்வது சரியல்ல.

திண்டுக்கல் அருகே காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம், சென்னையில் 1952 முதல் இயங்கும் சமூகப்பணிக் கல்லூரி, குஜராத்தின் ஆனந்தில் 1979இல் வெண்மைப் புரட்சியின் தந்தை குரியன் தொடங்கிய ஊரக மேலாண்மைக் கழகம் ஆகியவற்றின் பெயர்கூடக் கட்டுரையில் இல்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தைச் சரியாகச் செலவிடத் தெரிந்தவர்கள் இங்கேயே தேவைப்படுகிறார்கள்.

அடுத்த இணைப்பில் இந்தக் கல்வி நிறுவனங்களின் சேர்க்கை, கட்டண விவரங்களை வெளியிடுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வரும் மாணவர்களைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்துப்போய், தீர்மானப் புத்தகத்தையும் கடன் பேரேட்டையும் படிக்கச் சொல்லித்தர இந்த வயதிலும் நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற களப்பணியாளர்,
தருமபுரி.