நடுப்பார்வை மங்கியபோது கூட நின்றவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு வணக்கம்.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி இதைத் தட்டச்சு செய்கிறாள். முதல் நன்றி அவளுக்குத்தான். கதவு நிலை வளைந்து தெரிகிறது என்று நான் சொன்னதும், "கண்ணாடியை மாத்தினா சரியாயிடும் பாட்டி" என்று விட்டுவிடாமல் மறுநாளே கண் டாக்டரிடம் கூட்டிப் போனவள் அவள்.

டாக்டர் ஐயா, ஸ்கேன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டிச் சொன்னீர்களே, அது இன்னும் மனதில் நிற்கிறது. விழித்திரையின் நடுவில் இருக்கும் மாக்குலா என்ற சின்ன இடம்தான் எழுத்தையும் முகத்தையும் துல்லியமாகக் காட்டுகிறது. வயதாகும்போது சிலருக்கு அது சிதைகிறது. எனக்கு இடது கண்ணில் வந்திருப்பது, அதன் அடியில் புது ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும் ஈர வகை. "ஊசி போடுவது இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான், போனது முழுசாகத் திரும்பாது. ஆனால் சுற்றுப்பார்வை இருக்கும், ஒரேயடியாக இருட்டாகிவிடாது" என்றீர்கள். பொய் ஆறுதலைவிட அந்த உண்மைதான் எனக்குத் தெம்பு தந்தது. ஊசியின்போது என் கையைப் பிடித்துக்கொண்ட செவிலியரையும் மறக்கமாட்டேன்.

அப்புறம், பார்வைப் பயிற்சி தரும் அந்தப் பெண். "இல்லாத உருவம் எதுவும் தெரியுதாம்மா?" என்று தானாகவே கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயங்காலமானால் காலி நாற்காலியில் தொப்பி போட்ட குட்டி மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். புத்தி பேதலிக்கிறதோ என்று பயந்து யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தேன். கண்ணிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்தால் மூளை தானே படம் போட்டுக்கொள்ளுமாம், மனநோய் இல்லையாம். ஜெனீவாவைச் சேர்ந்த சார்லஸ் போனே என்ற அறிஞர், பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை 1760-லேயே எழுதி வைத்திருக்கிறாராம். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அந்த உருவங்கள் இப்போதும் வருகின்றன, பயம்தான் போய்விட்டது. முகத்தை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்க்கவும் அவள்தான் பழக்கினாள்.

வலது கண்ணில் இருப்பது, அப்படிக் கசிவு இல்லாத உலர் வகை. அதுவும் ஈர வகையாக மாறலாம் என்பதால், இடது கண்ணை மூடிக்கொண்டு ஆம்ஸ்லர் கட்டத்தை, அதாவது நடுவில் புள்ளி வைத்த கட்டம் போட்ட தாளை, தினமும் பார்க்கிறேன். கோடு வளைந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுவேன்.

அக்கம்பக்கத்தாரே, உள்ளே வரும்போதே பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறீர்கள். முகம் பிடிபடாத எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி! இனியும் அப்படியே வாருங்கள். எதிரில் வந்தும் நான் சிரிக்காமல் போனால் தப்பாக நினைக்காமல் ஒரு குரல் கொடுங்கள்.

அன்பும் நன்றியும்.