செவ்வாய்க்கிழமை ராத்திரி யார் வருவார்கள்?

அன்புள்ள பாப்பா,

சாப்பாட்டுக் கடை போட ஜார்ஜ்டவுனில் பார்த்திருப்பதாக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடைவீட்டுப் படம் பதினொன்றையும் நானும் அம்மாவும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். பச்சைக் கதவு, பூப்போட்ட பழைய தரை, நடுவில் வெயில் விழும் முற்றம், எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. வாடகை மாதம் 7,500 வெள்ளி (ரிங்கிட்), முன்பணம் மூன்று மாதம் என்று கீழே போட்டிருந்ததையும் பார்த்தேன். "லவ் லேன் பக்கத்திலேயே இருக்குப்பா, இப்போ எல்லாரும் அங்கேதான் கடை திறக்கறாங்க, என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியில் உன்னை வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ திரும்பி வருவது எங்கள் இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம். மெல்பர்னில் ஆறு வருஷம் அடுத்தவர் அடுப்படியில் நின்றது போதும். உன் கைப்பக்குவத்துக்கு ஒரு கடை வரத்தான் வேண்டும். கடை போடாதே என்று நான் சொல்ல வரவில்லை, அந்த இடத்தில் போடாதே என்றுதான் சொல்ல வருகிறேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேலாக மசாலா அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவன். எந்தக் கடையிலும் முன்வாசலை நான் அதிகம் பார்த்ததில்லை. பின்சந்தில் வேனை நிறுத்தி, அடுப்படிக் கதவைத் தட்டி, டப்பாவை இறக்கி, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஒரு கடை எப்படி ஓடுகிறது என்பது அந்த டப்பாவிலேயே தெரிந்துவிடும். முகநூலில் எத்தனை பேர் படம் போட்டாலும் சரி, மிளகாய் விழுது வாரம் எட்டுக் கிலோவிலிருந்து ஐந்துக்கு இறங்கினால் அந்தக் கடைக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கடை திறந்தார்கள், பெயர் வேண்டாம். கீழே சாப்பாடு, மேலே பார். திறப்பு விழாவுக்குக் கோலாலம்பூரிலிருந்து கார் கட்டி வந்தார்கள், தெருவில் வேனை நிறுத்த இடமில்லை. முதல் இரண்டு மாதம் எட்டுக் கிலோ. பள்ளி விடுமுறை முடிந்ததும் ஐந்து. அப்புறம் இரண்டு. பணம் "அடுத்த வாரம் அங்கிள்" என்று மூன்று மாதம் தள்ளிக்கொண்டே போனது. ஒரு நாள் போனால் கதவில் பூட்டு. எனக்கு 3,800 வெள்ளி போனது. அதைவிட, அந்த அடுப்படியில் வேலை பார்த்த பையன் சந்தில் என் வேனுக்காகக் காத்துக்கொண்டு நின்றான், அதுதான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. தனக்கும் இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை, நான் வீணாக வந்து கதவைத் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதே என்று சொல்லிவிட்டுப் போக வந்தானாம். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். அந்த முதலாளி கெட்டவர் இல்லை பாப்பா. நன்றாகச் சமைப்பார், உன்னைப் போலவே வெளிநாட்டில் படித்து வந்தவர். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நாற்காலி கிடைக்காது. மற்ற நாலு நாளும் ஈ ஓட்டினார்கள்.

நான் செவ்வாய்க்கிழமை ராத்திரி சரக்குப் போடப் போகும்போது இதைத்தான் பார்ப்பேன். சனிக்கிழமை கூட்டத்தை வைத்து ஒரு கடையை எடை போட முடியாது. செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள், நடந்து வந்தார்களா, அதைப் பார்க்க வேண்டும்.

நீ பார்த்து வைத்திருக்கும் தெருவில் செவ்வாய்க்கிழமைக்கு ஆளே இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதில் நம் குடும்பமும் சேர்த்தி. உனக்கு ஞாபகம் இருக்காது, நீ பிறந்தது சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில். கீழே தையல்கடை, மேலே நாமும் இன்னும் இரண்டு குடும்பமும். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை மாதம் 70 வெள்ளி கொடுத்தோம். அந்தச் சட்டத்தை 1997இல் ரத்து செய்து, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு முழுதாகப் போனது. வீட்டுக்காரர் 900 வெள்ளி கேட்டார். அவர் மேலும் தப்பில்லை, அத்தனை வருஷம் ஓடு மாற்றக்கூட அந்த வாடகை காணாது. உனக்கு நாலு வயசு, லாரியில் முன்சீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்து ஜெலுத்தோங் வந்தாய். தையல்காரர் ஆயர் ஈத்தாம் போனார், எதிர்வீட்டுச் சீனக் கிழவி மகனோடு பட்டர்வொர்த் போனாள். தெருத் தெருவாக மாடிகள் காலியாகின. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. 2012இல் சுவர் ஓவியங்கள் வந்தன. அப்புறம்தான் தங்கும் விடுதி, காப்பிக்கடை, பார் எல்லாம் வரிசையாக வந்தது. ஆள் குடியிருந்த மாடிகளில் இப்போது கட்டில் வாடகைக்குப் போகிறது. கட்டிலுக்கு வருகிறவன் இரண்டு ராத்திரி தங்கி, ஒரு தட்டு சார் குவே தியாவ் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். அவனை நம்பி எப்படி அடுப்பு மூட்டுவது?

நீ மிஷலின் உணவகக் கையேட்டையும் சொல்லியிருந்தாய். 2022 டிசம்பரில் அந்தக் கையேடு முதல் தடவையாக நம் நாட்டுக்கு வந்தபோது நான்கு கடைக்கு ஒற்றை நட்சத்திரம் கிடைத்தது, அதில் இரண்டு நம் பினாங்கில். பிஷப் தெருவில் ஆன்ட்டி கைக் லீன் வைத்திருக்கும் நோன்யா (சீனமும் மலாயும் கலந்த) சாப்பாட்டுக் கடை ஒன்று, ஹின் பஸ் டிப்போவில் இருந்த ஓ ஜார்டன் இன்னொன்று. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மா சமைப்பது இந்த ஊர்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்று வளர்ந்த சாப்பாடு. நட்சத்திரம் வருவதற்கு முன்பே அந்தக் கடைக்கு ஊர்க்காரர்கள் இருந்தார்கள்.

நாசி கண்டார் சோற்றையே எடுத்துக்கொள். நம் தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகச் சுமந்துகொண்டு துறைமுகத்துக்குப் போனார்கள், அங்கேதான் பசித்த ஆள் இருந்தான். அந்தக் கம்புக்குத்தான் கண்டார் என்று பெயர். கேம்பல் தெருவில் ஹமீதியா 1907இலிருந்து நடக்கிறது. ஆள் இருக்கும் இடத்துக்குச் சோற்றைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் தொழில் நூறு வருஷம் தாண்டி நிற்கிறது என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்தானே.

புதிதாக வருவது எதுவும் எனக்குப் பிடிக்காது என்று நினைத்துக்கொள்ளாதே. போன மாதம் ஒரு பாரில் இருந்து கூப்பிட்டார்கள். வெளியே பார்த்தால் பழைய சாமான் கடை மாதிரி இருக்கும், உள்ளே ஒரு அலமாரியைத் தள்ளினால்தான் வழி. மதுவில் போட புளியும் கருவேப்பிலையும் ஏலக்காயும் வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். கவுண்டருக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும், நான் குடிக்க மாட்டேன் என்று சொன்னதும் "உட்காருங்க அங்கிள்" என்று எனக்காகத் தனியாக ஒன்று செய்தாள். புளியைக் கரைத்து இரண்டு தரம் வடிகட்டினாள், குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) பாகு ஒரு கரண்டி, பெரிய ஒற்றை ஐஸ்கட்டி, மேலே பாலிக் புலாவ் ஜாதிக்காயை என் கண் முன்னாலேயே சின்னத் துருவியில் நாலு இழுப்பு. வாயருகே கொண்டுபோகும்போதே உன் பாட்டி பிள்ளைகளுக்கு வயிற்றுவலி என்றால் ஜாதிக்காய் இழைத்துக் கொடுப்பாளே, அந்த வாசம் வந்தது. என் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கும் செவ்வாய்க்கிழமை, ஆனாலும் உள்ளே பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லாம் இங்கேயே வேலை பார்க்கிறவர்கள், மற்ற கடைகளில் சமைக்கிறவர்களும் பரிமாறுகிறவர்களும் லீவு நாளில் அங்கேதான் வருகிறார்களாம். அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொருவர் பெயரும் தெரிந்திருந்தது. ஆக, டவுனுக்குள்ளேயும் முடிகிறவர்களுக்கு முடியத்தான் செய்கிறது. ஆனால் அவள் அங்கே எட்டு வருஷம் அடுத்தவர் கடைகளில் நின்று அந்தப் பதினைந்து பேரைச் சம்பாதித்தவள். நீ ஆறு வருஷம் கழித்து வருகிறாய், மா. உன் பதினைந்து பேர் அந்தத் தெருவில் இல்லை.

இனி கணக்கு. வாடகை 7,500. இப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, நாலு பேர் வைத்தால் 6,800. இரண்டையும் கூட்டினால் 14,300, மாதம் இருபத்தாறு நாள் திறந்தால் நாளுக்கு 550 வெள்ளி. கரண்ட், தண்ணீர், கேஸ், வேலையாட்களுக்குக் கட்ட வேண்டிய இபிஎப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. அரிசி வாங்கவில்லை. அது பாரம்பரியப் பகுதி என்பதால் உள்ளே ஒரு சுவரைத் தொடுவதற்குக்கூட நகராண்மையில் அனுமதி வாங்க வேண்டும், அந்த அனுமதி வரும்வரை வாடகை ஓடிக்கொண்டிருக்கும். மது வைக்க வேண்டும் என்றால் அதற்குத் தனி லைசென்ஸ். சாப்பாட்டில் கை வைக்கிற எல்லாரும் டைபாய்டு ஊசி போட்டு, உணவு கையாளும் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும், இது எந்த இடத்தில் போட்டாலும் உண்டு, சின்ன விஷயம்தான், நானே கூட்டிக்கொண்டு போகிறேன். சேவை வரியை நினைத்து இப்போதே பயப்படாதே, வருஷ விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் அந்த 6 விழுக்காடு.

சரி, வேறே எங்கே என்று கேட்பாய். நம் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால், கிளினிக்குக்கும் மோட்டார் பட்டறைக்கும் நடுவில் ஒரு கடை காலியாகியிருக்கிறது. முன்னால் அது பாத்திரக்கடை. அழகு ஒன்றும் இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். இரும்புக் கதவு, வெள்ளை டைல்ஸ், பின்னால் அடுப்படிக்கு நல்ல இடமும் காற்றும் இருக்கிறது. வாடகை 2,600. இரண்டு ஆள் வைத்து, நீயும் அம்மாவும் உள்ளே நின்றால் வாடகையும் சம்பளமும் சேர்ந்து நாளுக்கு 230 வெள்ளிதான் செலவு வருகிறது. போன செவ்வாயும் அதற்கு முந்தின செவ்வாயும் ராத்திரி ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை எதிரே அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) உட்கார்ந்து எண்ணினேன். முதல் நாள் நடந்து போனவர்கள் 43, இரண்டாம் நாள் மழை, அப்படியும் 29. பாதிப் பேர் கையில் சாப்பாட்டுப் பொட்டலம் இருந்தது. எங்கே வாங்கினீர்கள் என்று ஒரு மூன்று பேரைக் கேட்டேன். தூரத்தில் இருக்கும் மாமாக் கடை, தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, என்றார்கள். நம் ஆட்களில் ஒரு அம்மா, தொழிற்சாலைச் சட்டையோடு வந்தவர், வேறொன்றும் சொன்னார்: "செவ்வாய், வெள்ளி கவிச்சி தொடமாட்டோம் அண்ணே, அந்த ரெண்டு நாளும் வெறும் ரொட்டியும் டால்ச்சாவும்தான், டால்ச்சாவுல எலும்பு கிடந்தா அதுவும் போச்சு."

அந்த வார்த்தையிலிருந்து என் தலையில் வேறே எதுவும் ஓடவில்லை. நீ போன பொங்கலுக்கு வந்தபோது செய்தாயே, வாழைப்பூவைப் பொடியாக நறுக்கித் தேங்காய்ப்பால் விட்டு வறட்டி, மேலே வறுத்த மிளகாய் உதிர்த்துப் போட்டது. அக்கம்பக்கத்து நாலு வீடும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. அதை அந்த அம்மா செவ்வாய்க்கிழமை வேலை விட்டு வரும்போது ஒரு தட்டு எட்டு வெள்ளிக்கு வாங்கிக்கொண்டு போகட்டும். வெள்ளி, சனியில் உனக்குப் பிடித்த மாதிரி புதுசு புதுசாகச் செய், விலை கொஞ்சம் கூட வை, டவுன் ஆட்களும் தேடிக்கொண்டு வருவார்கள். கார் நிறுத்த இடம் இருக்கிறது, அது லவ் லேனில் கிடைக்காது. இரண்டு மூன்று வருஷம் போகட்டும், உனக்கென்று ஆள் சேர்ந்த பிறகும் அந்த முற்றம் வைத்த கடைவீடுதான் வேண்டும் என்றால் நானே முன்னால் நின்று பேசி முடித்துத் தருகிறேன்.

உன் மனசு எனக்குத் தெரியும். அந்தப் படத்தில் இருக்கும் முற்றத்தைப் பார்த்ததும் உனக்கு என்ன தோன்றியிருக்கும் என்றும் தெரியும், நீ பிறந்த வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது, மழை பெய்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு அதன் ஓரத்தில் நிற்பேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாத்திரக்கடைக்காரர் எனக்குப் பழக்கம், மாதக் கடைசிவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீ எதிலும் கையெழுத்துப் போடாதே. டிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமை வந்து சேருகிற மாதிரி போடு, திங்கள் தூங்கு, செவ்வாய் ராத்திரி ஏழு மணிக்கு என்னோடு வந்து அஞ்சடியில் உட்கார். நாற்காலி இரண்டு பட்டறைக்காரர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும்போது அங்கே நீ உபயோகிக்கிற அந்தச் சின்னத் துருவி மாதிரி ஒன்று கிடைத்தால் கூடுதலாக வாங்கி வா, அந்தப் பாரில் இருக்கும் பெண்ணுடையது மழுங்கிப் போயிருக்கிறது.

அப்பா
ஜெலுத்தோங், பினாங்கு