விளையாட்டுத் திடலை அதிகாலை 4.30 மணிக்குத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
தொலைதூர ஓட்டப் பயிற்சி பெறும் மாணவியரின் பெற்றோர்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பார்வை: திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் அளித்த மனுக்கள், நாள் 09.06.2025, 08.09.2025, 24.11.2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்கண்ட மூன்று மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டு மட்டுமே கிடைத்தது. ஆகவே நான்காம் முறையாகப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

1. நம் திடலின் கதவு காலை 7 மணிக்குத்தான் திறக்கிறது. எட்டே கால் மணிக்குப் பள்ளிப் பேருந்து.

2. 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஓடுகிறவர்கள் வெயில் ஏறுமுன் பயிற்சியை முடித்தாக வேண்டும். அதனால் எங்கள் பெண்கள் ஐந்து மணி இருட்டில் புறவழிச்சாலையில் ஓடுகிறார்கள். ரைஸ்மில் வளைவைத் தாங்கள் அறிவீர்கள். அங்கே தெருவிளக்கு இல்லை. லாரி வெளிச்சம் முகத்தில் அடித்தால் ஓரம் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் பெயர்ந்த ஜல்லி, அதற்கப்பால் பள்ளம். சென்ற மாதம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை இருசக்கர வாகனம் இடித்துத் தள்ளியது. வலது கால் முறிந்தது. 3,000 மீட்டரைப் பதினோரு நிமிடத்துக்குள் ஓடியவள் இன்று சுவரைப் பிடித்து நடக்கிறாள். அன்றிலிருந்து நான்கு பெண்களை வீட்டில் அனுப்புவதில்லை. மற்றவர்கள் பின்னால் நாங்கள் பைக்கில் விளக்கைப் போட்டுக்கொண்டு போகிறோம். இரவு வேலை முடித்துவந்த தகப்பன் எத்தனை நாளைக்குப் போவான்?

3. 1998 முதல் 2018 வரை ஆறு காமன்வெல்த் போட்டிகளிலும் ஆண்கள் ஸ்டீபிள்சேஸ் (தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் 3,000 மீட்டர் ஓட்டம்) பதக்கங்கள் அனைத்தையும் கென்யாவே எடுத்துக்கொண்டது. 2022-இல் பர்மிங்காமில் அதை உடைத்து வெள்ளி வென்றார் மகாராட்டிரத்தின் பீட் மாவட்ட விவசாயி மகன் அவினாஷ் சாப்லே; தங்கம் தவறியது 0.05 நொடியில். அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் பாருல் சௌத்ரி கடைசி மீட்டர்களில் ஜப்பான் வீராங்கனையை முந்தி 5,000 மீட்டர் தங்கம் வென்றார். 2025-இல் குல்வீர் சிங் அதே தூரத்தை 13 நிமிடத்துக்குள் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அவ்வளவு தூரம் ஏன்? 2017-இல் புவனேசுவரத்தில் ஆசியத் தடகளப் போட்டியில் தங்கம் வென்ற லட்சுமணன் புதுக்கோட்டைக்காரர். பாருல் ஓடியதைச் செல்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் எங்கள் பெண்கள் ஓட வந்தார்கள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

4. செயற்கை ஓடுதளம் கேட்கவில்லை. பூட்டைத் திறக்கக் கேட்கிறோம்.

5. நேரில் கேட்டபோது, காவலர் இல்லை என்றார்கள் அலுவலர்கள். சாவியைக் கொடுங்கள், பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறோம் என்றோம். விதியில் இடமில்லை என்றார்கள். ஐயா, ஒரு பூட்டுக்கு ஆறு மாதமா!

கதவை 4.30 மணிக்குத் திறந்து, மேற்கு மூலையில் பழுதாகிக் கிடக்கும் இரண்டு விளக்குகளை எரியவிட உத்தரவிடுங்கள். இன்னொரு பிள்ளை அடிபடுவதற்குள், இந்த வாரமே உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
பெற்றோர்கள்