மாமூத் மட்டும்தானா வேட்டை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பகுதியில் வந்த ஆதிமனித வேட்டைக் கட்டுரையைப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். கூடவே இருந்த படத்தில் பனிவெளி, நடுவில் மாமூத் என்ற அற்றுப்போன சடையானை, சுற்றி ஈட்டியோடு ஆட்கள். "நம்ம பக்கம் பனியே இல்லையே தாத்தா, இங்க இருந்தவங்க எதைப் பிடிச்சுச் சாப்பிட்டாங்க?" என்றாள். கட்டுரையில் விடை இல்லை.

விடை இலங்கையில் இருக்கிறது. களுத்துறை மாவட்டத்தில், மழைக்காட்டுப் பகுதியில் பாகியான் குகை. சீனப் பயணி அங்கே தங்கியதாகச் சொல்லும் கதையால் வந்த பெயர். சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வாழ்ந்தவர்கள் தின்றுபோட்ட எலும்புகளைப் பற்றி ஆய்வாளர்கள் 2019-இல் எழுதினார்கள். அதிகம் கிடைத்தவை குரங்கும் மலை அணிலும்தான்.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு அடங்கவில்லை. சாம்பல் நிற மலை அணில் எங்கள் ஊர்ச் சரணாலயத்திலும் உண்டு. சத்தம் கேட்டு நாம் நிமிர்வதற்குள் அது அடுத்த மரத்துக்குத் தாவியிருக்கும். தரைக்கு வருவதே அபூர்வம். அதைப் பசிக்கு நம்பியிருப்பதென்றால் எவ்வளவு பொறுமை, எவ்வளவு குறி வேண்டும்! மழைக்காட்டில் ஆதிமனிதர் பிழைப்பதே கடினம் என்று அறிஞர்கள் பலர் எண்ணியிருந்த காலமும் உண்டு.

சரி, எதைக்கொண்டு பிடித்தார்கள்? அதே குகையில் கிடைத்த எலும்புக் கூர்முனைகளை 2020-இல் ஆராய்ந்தவர்கள், அவற்றில் சில அம்பு நுனிகளாக இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். வயது சுமார் 48,000 ஆண்டுகள் வரை போகிறது. பலவும் குரங்கின் எலும்பில் செய்தவை. தின்ற குரங்கின் எலும்பைத் தீட்டி அடுத்த குரங்குக்குக் குறிவைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிடைத்தவற்றில் நன்கு வளர்ந்த விலங்குகளே மிகுதி, குட்டிகள் குறைவு. பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் போலும். பல்லாயிரம் ஆண்டுகள் அதே விலங்குகளை வேட்டையாடியும் அவை அற்றுப்போகவில்லை.

மாமூத் வேட்டையைச் சொல்ல வேண்டாம் என்று கேட்கவில்லை. அப்புறம் ஒரு இதழில், மரத்தடியில் வில்லோடு கிளைகளைப் பார்த்து நிற்பவர்களையும் வரையச் சொல்லுங்கள். பேத்தி எதிர்பார்த்திருக்கிறாள்.

இப்படிக்கு,
வாசகர், திருவில்லிபுத்தூர்