'வார்' எங்கே, டைப் எங்கே? பயிற்சிக்கு வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஜாவாவில் டைப்பை (மாறியில் இருப்பது எண்ணா, எழுத்தா என்ற வகையை) எழுதாமல், ஜாவாவையே ஊகிக்க விடும் 'வார்' (var) என்ற சொல்லை எல்லா இடத்திலும் போடலாமா என்று கேட்டிருந்தாய். போட நினைத்தாலும் ஜாவா விடாது. 2018இல் வந்த ஜாவா 10, மெத்தடுக்கு (பெயரிட்ட நிரல் துண்டுக்கு) உள்ளே அறிவிக்கும் மாறிகளுக்குத்தான் அதை அனுமதித்தது. ஃபீல்டு (கிளாஸின் மாறி), மெத்தட் பாராமீட்டர் (உள்ளே கொடுக்கும் மதிப்பு), ரிட்டர்ன் (திருப்பித் தரும் மதிப்பு) மூன்றின் டைப்பையும் நீயே எழுத வேண்டும். நல்ல ஏற்பாடு. மெத்தடை அழைப்பவர் உள்ளே எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

டைப்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு மொழி ரிட்டர்ன் டைப்பையும் தானே ஊகித்துக்கொள்ளும். ஆனாலும் எக்ஸ்போர்ட் செய்யும் (மற்ற ஃபைல்களும் அழைக்கும்) ஃபங்ஷனுக்கு எழுதிவிடு. இல்லாவிட்டால் தப்பு இந்த ஃபைலில் இருக்கும், சிவப்புக் கோடு இதை அழைக்கும் வேறொரு ஃபைலில் விழும்.

மெத்தடுக்குள்ளே, வலப்பக்கத்தைப் பார்த்ததும் டைப் தெரிந்தால் 'வார்' போதும். ஒன்று மட்டும் கவனி: 'வார் பட்டியல் = நியூ அரேலிஸ்ட்<>()' என்றால் அது எதை வேண்டுமானாலும் போடக்கூடிய ஆப்ஜெக்ட் பட்டியலாகிவிடும். எழுத்துப் பட்டியல் வேண்டுமானால் கோண அடைப்புக்குள் 'ஸ்ட்ரிங்' என்று எழுத மறக்காதே.

பணக் கணக்கில்தான் வினை. தொகையைக் காசில் வைத்து 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்க்கிறாய்:

வார் காசு = 20000000;
வார் மொத்தம் = காசு * 109 / 100;

200,000 வெள்ளி (டாலர்) ரசீது. இரண்டு மாறியும் இன்ட் (முழு எண் டைப்). பெருக்கினால் 2,180,000,000 வரவேண்டும்; இன்ட் தாங்குவதோ 2,147,483,647 வரைதான். நிரம்பி வழிந்து, மொத்தம் -21,149,672 காசு என்று வரும். வாடிக்கையாளருக்கு நாம் 211,496 வெள்ளி 72 காசு கொடுக்க வேண்டுமாம்! எர்ரர் எதுவும் காட்டாது.

பலர் உடனே 'வார்' மீது பழிபோட்டு, இரண்டாம் வரியை 'லாங் மொத்தம்' என்று மாற்றுவார்கள் (லாங் என்பது இன்ட்டைவிடப் பெரிய முழு எண்களைத் தாங்கும் டைப்). விடை அப்படியேதான் இருக்கும். வலப்பக்கத்தில் இன்ட்டும் இன்ட்டும் பெருகி வழிந்த பிறகுதான் அது லாங்குக்குள் போகிறது. திருத்தவேண்டியது முதல் வரியை: 'லாங் காசு' என்று எழுது, அல்லது எண்ணின் வாலில் 'எல்' சேர். அதன்பின் இரண்டாம் வரியில் 'வார்' இருந்தாலும் மொத்தம் லாங்தான். (அரைக் காசை என்ன செய்வது என்பது தனிக் கதை.)

டெஸ்ட்டில் இரண்டு தொகைகளைச் சேர்த்துவிடு: 197,016 வெள்ளி 84 காசு, 197,016 வெள்ளி 85 காசு. இன்ட் எங்காவது ஒளிந்திருந்தால் முதலாவது தேறும், இரண்டாவது தேறாது.

அன்புடன்,
அண்ணன்